பனைச்சுழிக்குச் சேரவேண்டிய மழை

மழை மறுவாசிப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இருளாயி தன் பேராசிரியரின் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐப்பசி மாதம். மேற்கு மலையின் மேகக்கானம் என்ற ஊர். ஓட்டின் மேல் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அருமைநாயகத்தின் மனைவி ரூபவதி, துணி காய்ந்து நாலு நாளாயிற்று என்று அலுத்துக்கொண்டபடி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். இருளாயி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். வெளியே பெய்துகொண்டிருந்தது அவளுடைய ஊர் மழை.

இதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குக் கடலில் கருக்கொண்ட மேகம் அது. பனைச்சுழி என்ற ஊரின் மிளகாய்க் காட்டின் மேல் ஒரு சொட்டுகூட விடாமல் கடத்தப்பட்டு, நாட்டைக் குறுக்கே தாண்டி, இந்த மலையில் வந்து கொட்டிக்கொண்டிருந்தது. கடத்தியது முகில்நகர்த்தி. கடத்தச் சொன்னது தென்னாட்டு மழைப்பங்கீட்டு மன்றம். மன்றத்துக்குச் சாட்சி சொன்னது ஒரு குகைக்கல். அந்தக் கல்லை வாசித்தவர், எதிரே உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த இதே அருமைநாயகம்.

பூமியின் இடுப்பைச் சுற்றி ஒரு மழைப்பட்டை ஓடுகிறது. அது ஒரே இடத்தில் நின்றதில்லை. வடக்கே பனி மூடிய காலங்களில் அது தெற்கே இறங்கியது. வடக்கு சூடேறியபோது மேலே ஏறியது. இன்றைய பெரும் பாலைவனங்களில் அப்போது ஏரிகள் இருந்தன, நீர்யானைகள் புரண்டன. ஏரிச் சேற்றையும் குகைக்குள் சொட்டுச் சொட்டாக வளர்ந்த கற்களையும் அறுத்துப் பார்த்து மனிதர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். எப்படி நகர்ந்தது என்று தெரிந்ததும், நாமே நகர்த்தினால் என்ன என்று ஒருவனுக்குத் தோன்றத்தானே செய்யும். வானத்தின் உச்சியில் பலூன்களை மிதக்கவிட்டு வெண்தூளைத் தூவினார்கள். தூளின் நிழல் விழுந்த கடல் குளிர்ந்தது. மழை அடுத்த பக்கத்துக்கு ஒதுங்கியது. பனியூழி ஆயிரம் வருஷம் எடுத்துச் செய்த வேலையை முகில்நகர்த்தி ஒரே பருவத்தில் முடித்தது.

நகர்த்த முடியும் என்றானதும் யாருடைய மழை என்ற சண்டை வந்தது. மன்றம் ஒரு தீர்வு கண்டது. எட்டாயிரம் வருஷத்துக்கு முன், மனிதன் காட்டையும் காற்றையும் கெடுக்காத காலத்தில், எந்த நிலத்துக்கு எவ்வளவு பெய்ததோ அதுவே அந்த நிலத்தின் பழம்பாத்தியம். அதற்குக் கல்லே சாட்சி. ஒருமுறை வாசித்தால் இருபத்திரண்டு வருஷத்துக்கு மறுவாசிப்பு கிடையாது.

முதல் வாசிப்பின்போது இருளாயிக்குப் பதினொரு வயது. மழைநீரின் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், கனமானது, இலகுவானது என்று இரண்டு வகை. மேற்கு மலைக் குகையின் கல்லில் இலகு உயிர்வளி மிகுந்திருந்தது. ஆகவே ஆதியில் அங்கே ஏராளமாகப் பெய்தது என்று அருமைநாயகம் வாசித்தார். அடுத்த ஐப்பசியில் பனைச்சுழிக்கு அடைமழை வரவில்லை. அதற்கடுத்த ஐப்பசியிலும் வரவில்லை. கண்மாய் வெடித்தது, மிளகாய்க் காடு கருவேலங்காடானது. மூன்றாம் வருஷம் தண்ணீர் லாரிக்கு முண்டியடித்த கூட்டத்தில் இருளாயியின் அம்மா கீழே விழுந்தாள். பின்னால் நகர்ந்த லாரி அவள் மேல் ஏறியது. குடம் மட்டும் நசுங்காமல் கிடந்ததை இருளாயி பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒரு பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அழுது முடித்த பிறகு அந்தப் பெயரை விடவே இல்லை.

பத்தொன்பது வயதில் அந்தப் பெயருக்குரியவரிடமே மாணவியாகச் சேர்ந்தாள். எந்த ஊர் என்று அவர் கேட்டார். மறைக்காமல் சொன்னாள். அவர் வேறொன்றும் கேட்காமல் சேர்த்துக்கொண்டார். பதினான்கு வருஷம் அவர் கையால் கல்லறுக்கப் படித்தாள், அவர் வீட்டில் சாப்பிட்டாள். அவர் வீட்டுக் கூரைத் தண்ணீர் வாய்க்காலில் வழிந்து ஓடும்போதெல்லாம் எத்தனை குடம் என்று மனத்துக்குள் எண்ணினாள். ரூபவதியை மட்டும் அவளால் வெறுக்க முடியவில்லை. தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிற மனுஷியை எப்படி வெறுப்பது? அந்த ஒன்றுதான் இருளாயியின் கணக்கில் இடறியது.

இப்போது மறுவாசிப்பு வந்துவிட்டது. இந்த முறை கிழக்குக் குகையின் கல், வாசிப்பவள் இருளாயி. முதல் வாசிப்பைச் செய்தவர் உடன்வாசிப்பவராகப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது மன்றத்தின் வழக்கம். அதனால்தான் இந்த விருந்து.

ரூபவதி பாத்திரங்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனதும், அருமைநாயகம் கை கழுவாமலே பேசத் தொடங்கினார். அவர் சொன்னது இது. மேகம் வழியில் பெய்துகொண்டே வந்தால் கனமான உயிர்வளி முதலில் கொட்டிவிடும், போகப் போக இலகுவானதுதான் மிஞ்சும். இலகு என்றால் மழை மிகுதி என்ற அட்டவணை நடுக்கடல் தீவுகளில் அளந்து எழுதியது. அங்கே அது சரி. மலை மறிக்கிற நாட்டில் அது செல்லாது. கல்லிலுள்ள இலகு, மழை எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு பெய்தது என்பதைச் சொல்லவே சொல்லாது. வாசித்து ஏழு வருஷம் கழித்து இது அவருக்குத் தெரிந்தது. வெளியே சொன்னால் அத்தனை நாட்டுத் தீர்ப்பும் சரியும், மறுபடி அடிதடி என்று பயந்து பதினைந்து வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

"நீ சொல்லிரும்மா," என்றார். "அட்டவணை தப்புன்னு மன்றத்துல சொல்லு. நானும் எந்திரிச்சு ஆமாம்பேன். நகர்த்தியை நிறுத்திருவாங்க. உங்க மழை தானா உங்களுக்கு வந்துரும்."

இருளாயி தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தானாக வருமாம். அம்மா தானாக வருவாளா? வேண்டுமென்று பொய் வாசித்தவர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். தெரிந்தும் பதினைந்து வருஷம் குடைபிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார் இந்த மனுஷர்.

"தப்பான அட்டவணையை வச்சு எங்க மழையை எடுத்தீங்க சார்," என்றாள் நிதானமாக. "அதே அட்டவணையை வச்சு நான் உங்க மழையை எடுக்கப் போறேன். நீங்க வாயைத் தொறந்தா, உங்க பதினைஞ்சு வருஷத்தையும் சேர்த்துத்தான் மன்றத்துல சொல்வேன். இந்த வீட்டுல ஒருத்தரும் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது."

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து கை கழுவப் போனார்.

வாசிப்பு மதுரையில், மன்றத்தின் கல்லறையில் நடந்தது. கல்லறுக்கும் அறைக்கு மன்றத்தில் அப்படித்தான் பெயர். முதல்முறை கேட்பவர்கள் திடுக்கிடுவார்கள். உள்ளே இரண்டு பேர் மட்டும். கிழக்குக் குகையிலிருந்து கொண்டுவந்த கல் விறகுக்கட்டை நீளம் இருந்தது. அறுத்துப் பிளந்து வைத்தாள். எட்டாயிரம் வருஷத்துக்கு உரிய இடத்தில் அடுக்குகள் நூல் நூலாக மெலிந்து கிடந்தன. நடுவே புழுதி வேறு படிந்திருந்தது. கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவனும் சொல்வான், அந்தக் காலத்தில் கிழக்கே சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்திருக்கிறது என்று. அருமைநாயகம் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் அந்த அடுக்குகளைச் சுரண்டி, விதிப்படி மிச்சம் வைக்காமல் பொடித்து, வாசிப்புப் பொறியில் போட்டாள். இலகு மிக அதிகம் என்று எண் வந்தது. அட்டவணைப்படி பார்த்தால் பனைச்சுழி ஆதியில் வெள்ளக்காடு. உடன்வாசிப்பவர் கேட்டால்தான் பேச வேண்டும். யாரும் கேட்கவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு வந்த அன்று பனைச்சுழியில் வெடி போட்டார்கள். கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போயிருந்த குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தன. இருளாயியின் தம்பி கூரிச்சாமி மில் வேலையை விட்டுவிட்டு வந்து கருவேலத்தை வேரோடு பிடுங்கினான். இருபது வருஷ வண்டலை அள்ளிக் கண்மாய்க்குக் கரை போட்டார்கள். உபரிநீர் வழியும் கலுங்கு தாங்காது என்று அதையும் உயர்த்திக் கட்டினார்கள். இருளாயி ஊருக்குப் போனபோது பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஒரு கிழவர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. மேகக்கானத்து வாய்க்கால் வறண்டு கிடப்பதையும், அருமைநாயகம் கையில் குடத்தோடு வரிசையில் நிற்பதையும் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது.

மழை ஆனியிலேயே தொடங்கியது. ஆனால் மேற்கில்.

முதலில் இருளாயி பதறவில்லை. நகர்த்தி திசை திரும்பக் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்தாள். ஆடி பிறந்தது. மேற்குக் கடலிலிருந்து மேகம் மேகமாக வந்து மலையில் முட்டியது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்காத மழை அது. கிழக்கே, பனைச்சுழியில், வாசலில் தெளித்த மாதிரி ஒரு தூறல் விழுந்து நின்றது. ஊரார் அதற்கே கை கூப்பினார்கள். ஆடி பதினெட்டன்று, எல்லாரும் வீட்டில் இருந்த காலை நேரத்தில், மேகக்கானத்தின் பாதி மலை பெயர்ந்து இறங்கியது. அருமைநாயகம் பால் வாங்க மேலத்தெருவுக்குப் போயிருந்தார். ரூபவதி வீட்டில் இருந்தாள்.

செய்தி இருளாயியை எட்டியது. தைலம் தேய்த்த கை ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் ஒரே ஒருத்தியைத்தான் விட்டுவிட நினைத்திருந்தாள். எப்படி என்று இன்னும் விளங்கவில்லை, ஆனால் அவளைத்தான் கொன்றிருக்கிறாள். கூரிச்சாமி வந்து, மேற்கே இப்படிக் கொட்டுகிறதே, தீர்ப்பு நமக்குத்தானே என்று கேட்டான்.

மன்றத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. கல்லை வாசிப்பவர் நகர்த்தியைப் பார்க்கக் கூடாது. நகர்த்துபவர் கல்லைப் பார்க்கக் கூடாது. யாரும் யாருக்கும் சாதகம் செய்துவிடக் கூடாதாம். இவ்வளவு படித்தவர்கள் சேர்ந்து இப்படி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இருளாயி முதல்முறையாக அந்த வழக்கத்தை மீறி, நகர்த்திப் பிரிவுக்குப் போனாள். பொறுப்பாளர் சாகுல் என்ற பொறியாளர், நல்ல மாதிரி. பெரிய திரையைக் காட்டிப் பெருமையாக விளக்கினார். கிழக்கே ஊர் ஊராகச் சாட்சிக் குடுவைகள் வைத்திருக்கிறார்கள். மழை விழுந்ததும் குடுவை அதன் உயிர்வளியை அளந்து இங்கே சொல்லும்.

"எங்களுக்கு வர்றது ஒரே ஒரு எண்ணுதாங்க மேடம்," என்றார். "குடுவையில விழுற சொட்டு அந்த எண்ணுக்கு வர்ற வரைக்கும் வானத்தைத் திருகிக்கிட்டே இருப்போம். இந்த வருஷம் அச்சு அசலா வந்திருக்கு. கல்லுல என்ன இருந்துச்சோ அதேதான் இப்ப விழுது."

எவ்வளவு விழுகிறது என்று யார் பார்க்கிறார்கள் என அவள் கேட்டாள். சாகுலுக்குக் கேள்வியே புரியவில்லை. எண் சரியாக இருந்தால் அளவும் சரியாகத்தானே இருக்கும், அட்டவணை இருக்கிறதே என்றார்.

இருளாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவ்வளவு இலகுவான சொட்டு கிழக்கே விழ வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. மேற்குக் கடல் மேகம் முழுவதையும் மலையில் முட்டவைத்து, கனமானதெல்லாம் அங்கே கொட்டித் தீர்ந்தபின், பிழிந்துபோட்ட மிச்சத்தைக் கிழக்கே அனுப்ப வேண்டும். எட்டாயிரம் வருஷத்துக்கு முன் இயற்கை செய்ததும் அதுதான். கிழக்குக் கடலின் ஐப்பசி மேகம் பக்கத்திலிருந்து வருவது. அதில் கனம் அதிகம். ஒரு நாள் பெய்தாலும் குடுவையின் எண் கெட்டுவிடும். ஆகவே நகர்த்தி அதை ஐப்பசியில் கரைக்கு அண்டவே விடாது. அவள் வாங்கிக்கொடுத்த தீர்ப்பு மேகக்கானத்தை மூழ்கடித்தது, பனைச்சுழிக்குக் கடைசிச் சொட்டையும் அடைத்தது. முன்னாலாவது மழையைத் திருடிக்கொண்டு போனார்கள். இப்போது அதைக் கடலிலேயே கலைத்துவிடுகிறார்கள்.

ஐப்பசி போயிற்று. பாவிய மிளகாய் நாற்று கருகியது. கார்த்திகையில் இருளாயி மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தாள்: நான் தெரிந்தே பொய் வாசிப்புச் செய்தேன், கல்லின் அடுக்குகள் மெலிந்திருந்தன, அதை மறைத்தேன், என்னைச் சிறையில் போட்டு நகர்த்தியை நிறுத்துங்கள். பழி தீர்ந்துவிட்டது, அதன் விலையைத் தான் கட்டிவிடலாம், மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று நினைத்தாள்.

அட்டவணையை மறுவாசிப்பின்போது மட்டும்தான் கேள்வி கேட்கலாம்; இடையில் பொய்வாசிப்பை ரத்துசெய்ய மட்டும் விதியில் இடம் இருந்தது. ஆனால் வாசித்தவர் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. நாளைக்கு மிரட்டியோ அழவைத்தோ எந்த வாசிப்பாளரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிடலாமே. கல்லைக் கண்ணால் பார்த்த இன்னொருவர் உறுதிசெய்ய வேண்டும். கல் பொடியாகிவிட்டது. பார்த்த இன்னொருவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

மார்கழியில் விசாரணை. அருமைநாயகம் நாகர்கோவிலில் உறவினர் வீட்டிலிருந்து வந்திருந்தார். மேகக்கானத்தில் இப்போது யாரும் இல்லை. மிஞ்சியவர்களைச் சமவெளிக்கு இறக்கிவிட்டார்கள். அவர் மெலிந்திருந்தார். சட்டை தொளதொளத்தது. பார்வையாளர் பக்கம் கூரிச்சாமியும் பனைச்சுழிக்காரர்கள் நாற்பது பேரும் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் பெண் எதற்காகத் தானே போய்ச் சிறைக்கு மனுக் கொடுத்தாள் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. இருளாயி நிம்மதியாகத்தான் நின்றாள். இதே மனுஷர் உண்மையைச் சொல்லும்படி தன்னிடம் கெஞ்சியவர்தானே. எந்திரித்து ஆமாம் சொல்கிறேன் என்றவர்தானே.

தலைமை நடுவர் கேட்டார், அந்தக் காலத்துக்குரிய அடுக்குகள் எப்படி இருந்தன என்று.

"தடிமனா இருந்துச்சுங்க," என்றார் அருமைநாயகம். "என் கட்டைவிரல் அகலம் இருக்கும். புழுதி எதுவும் இல்ல. சுத்தமான கல்லு."

இருளாயி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். நடுவர் கையமர்த்தினார்.

"இந்தப் பொண்ணு பதினாலு வருஷம் என் வீட்டுச் சோறு தின்னுச்சு," என்று அவர் தொடர்ந்தார். "என் சம்சாரம்னா அதுக்கு உசிரு. அவ போனதைத் தாங்க முடியாம, தன் மேலயே பழியைப் போட்டுக்கிட்டு எங்க மலைக்காகத் தன் ஊர் மழையை விட்டுக்கொடுக்கப் பாக்குது. மனசு நல்ல மனசு. ஆனா மன்றம் அதுக்கு இடங்கொடுக்கக் கூடாது. கல் சொன்னதைத்தான் இவ சொன்னா. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

அவையில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டையும் மனைவியையும் பறிகொடுத்த மனிதர், எதிர்த்தரப்பின் மழைக்காகச் சாட்சி சொல்கிறார் என்றால் சும்மாவா? நடுவர் அவருடைய நேர்மையைப் பாராட்டிப் பதிவுசெய்தார். வாசிப்பு செல்லும், மறுபடி வாசிக்க இன்னும் இருபத்தொரு வருஷம் இருக்கிறது. இருளாயி மீது நடவடிக்கை இல்லை. அவளுக்கு ஓய்வு தேவை என்று மன்றம் பரிவோடு கருதியது.

படிக்கட்டில் அவரை ஓடிப்போய் மறித்தாள். மூச்சு வாங்கியது.

"ஊர் முழுக்க செத்துரும் சார். இருபத்தொரு வருஷம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றார் அவர். "எண்ணிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

குடையைத் தேடுகிறவர் போலக் கையை ஒருமுறை நீட்டி, வெயில் அடிப்பதைப் பார்த்துவிட்டு, இறங்கிப் போனார். கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. என்னவென்று கத்துவது? அவரிடம் அவள் கற்றது கல்வாசிப்பு. அவளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டு போவது இது.

அதற்குள் ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். முகங்களெல்லாம் மலர்ந்திருந்தன. யாரோ எங்கிருந்தோ ஒரு மாலை வாங்கி வந்து அவள் கழுத்தில் போட்டார்கள். கூரிச்சாமி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். இந்த வருஷம் நகர்த்தி கொஞ்சம் தடுமாறியிருக்கும், அடுத்த ஐப்பசிக்குச் சரியாகிவிடும் என்று அவர்களுக்குள் முடிவுகட்டியிருந்தார்கள். விதை மிளகாய்க்கு இப்போதே சொல்லிவைக்க வேண்டும் என்றான் அவன். இந்தத் தடவை இரண்டு பங்காகப் பாவலாம் என்றான்.

"பாவாதடா கூரி," என்றாள் இருளாயி. "பெய்யாது. சத்தியமாச் சொல்றேன். எல்லாரையும் கூட்டிக்கிட்டுத் திருப்பூருக்கே போயிரு."

கூரிச்சாமி அவளைப் பாசத்தோடு பார்த்தான்.

"நீ பயந்து போயிருக்கக்கா," என்றான். "அந்த மேற்கத்தியாளே சொல்லிட்டாரே. உன்னைவிட அவருக்குக் கல்லைத் தெரியாதா?"

பனைச்சுழிக்குப் போக வேன் வந்து நின்றது. மாலையும் கழுத்துமாக அவளை முன்னிருக்கையில் உட்காரவைத்தார்கள்.